அடுப்பில் போட்ட பெயர்

அத்தியாயம் பதினான்கு

டீக்கன் எராஸ்டஸ் ஹாஸ்கெல் காலைச் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம் சாதாரண நாட்களில் காபி ஆறும் வரை நீளும். அன்றைக்கு, வழிதவறிய பெண்களை மீட்கும் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். ஆகவே பன்றிக்கறியும் ஆறியது.

"வழிதவறிய எங்கள் சகோதரிகளை நினைத்தருளும்," என்று கண்களை இறுக மூடிக்கொண்டு உருகினார்.

அந்தச் சகோதரிகளில் ஒருத்தி அவர் பெற்ற இளைய மகள் என்பது ஆண்டவருக்குத் தெரியும். ரோச்செஸ்டர் நகரத்தில் பாதிப் பேருக்கும் தெரியும். டீக்கன் மட்டும் பத்தொன்பது மாதங்களாக அதை ஆண்டவரிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

ரொக்ஸானா வீட்டை விட்டுப் போன மறுநாள் அவர் குடும்ப பைபிளைத் திறந்து, பிள்ளைகள் பிறந்த தேதி எழுதிய பக்கத்தில் அவள் பெயரை அடித்தார். கோடு கோணக்கூடாது என்று ரூலர் வைத்து அடித்தார். தேவாலயத்தில் டீக்கன் என்ற மூப்பர் பதவி, ஊரில் மாவு மில் முதலாளி, எதிலும் ஒழுங்கு. அன்றிலிருந்து அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலித்ததில்லை.

"ஆமென்," என்றாள் அவர் மனைவி கெசையா. அவள் கால் மேசைக்கடியில் இருந்த கூடையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டது. கூடைக்குள், மேலே தையல் சாமான். அடியில், மடித்து வைத்த நீலக் கம்பளி கவுன். ரொக்ஸானாவினுடையது. மகளை அன்றைக்கு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது என்று கெசையா முடிவு செய்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. புருஷனிடம் சொல்வதைத்தான் ஐந்து நாட்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"லவீனா, அறிக்கை எங்கம்மா?" என்றார் டீக்கன்.

"உங்க மேசை மேல வெச்சிருக்கேம்ப்பா," என்றாள் மூத்த மகள். வயது இருபத்தேழு. சங்கத்தின் செயலாளர். வருகிற ஜூனில் பாதிரியாரின் மகனோடு கல்யாணம். சோள ரொட்டியை நான்காகப் பிய்த்து, நான்கையும் தட்டிலேயே வைத்திருந்தாள். "மூணாம் பக்கத்துல கையெழுத்து கொஞ்சம் கிறுக்கலா இருக்கும்."

"கிறுக்கலை நான் குரலால சரிபண்ணிடுவேன்."

"ஒரு தடவை முன்னாலயே படிச்சுப் பாத்துடுங்களேன்."

"எதுக்கு? முன்னாலயே படிச்சா ஆவி ஆறிப்போயிடும். அப்பப் பாத்து அப்பப் படிச்சாத்தான் ஜனங்க அழுவாங்க."

சங்கம் பெண்களுடையது. தெருத்தெருவாக அலைந்தது பெண்கள். அறிக்கை எழுதியது ஒரு பெண். ஆனாலும் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் ஒரு பெண் எழுந்து வாய் திறந்தால் அது ஒழுக்கக்கேடு. ஒழுக்கத்தைக் காக்க ஏற்பட்ட சங்கமே அதைச் செய்யலாமா? ஆகையால் வருஷா வருஷம் டீக்கன் படிப்பார். உறுப்பினருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சீட்டில் எழுதிக் கைமாற்றி மேடைக்கு அனுப்ப வேண்டும். அதையும் டீக்கனே படிப்பார்.

போன வருஷம் ஒரு சீட்டு வந்தது. பிரித்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், சங்கீதம் வாசிக்கிற அதே குரலில், "பின் வரிசை ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை, எங்களுக்குக் குளிருகிறது," என்று வாசித்து முடித்தார். முன் வரிசையில் இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நான் கொஞ்சம் முன்னாடியே போறேங்க," என்றாள் கெசையா. "மேசை விரிப்பெல்லாம் பாக்கணும்."

பொய். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் நான்காவது பொய். முதல் மூன்றும் அவர் குரல் வளத்தைப் பற்றியவை.

*

போன வியாழக்கிழமை வரை, மகள் கால்வாய்க்கரையில் ஃபேன் என்பவள் நடத்தும் விலைமகளிர் வீட்டில் இருப்பதாகத்தான் கெசையா நினைத்திருந்தாள்.

ஃபேன் வீட்டுக்கு எதிரேதான் சங்கத்தின் போர்க்களம். மாதரசிகள் வீட்டிலிருந்து சமையலறை நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, வரிசையாக உட்கார்ந்து காலுறை பின்னுவார்கள். உள்ளே போகும் ஆண்களின் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். முதலெழுத்துகள் மட்டும் சங்கப் பத்திரிகையில் வரும். முதல் இதழ் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது. வாங்கினவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாவத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு கோபம்.

கெசையாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆனால் அவள் ஒரு பெயரும் குறித்ததில்லை. மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு பின்னுவாள். அந்த வருஷம் டீக்கனுக்கு வந்த காலுறைகள் எல்லாம் முழங்காலைத் தாண்டி வளர்ந்திருந்தன.

வியாழக்கிழமை ஃபேன் முட்டைக்காரி மாதிரி கூடையோடு பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

"யம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்களை அந்த நாற்காலியில பாக்கறப்பல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது. எம் ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அவ அங்க இல்லம்மா."

"எங்க போனா?"

"நல்லா கேட்டீங்க! உங்க சங்கத்துக்காரங்கதான் வண்டி கொண்டாந்து கூட்டிட்டுப் போனாங்க. அவளாத்தான் போனா, யாரும் இழுக்கல. 'அந்தப் புகலிடத்துக்கு எங்கம்மா தையல் குடுக்க வருவாங்க ஃபேன், எப்படியும் கண்ணுல படுவேன்'னு சொன்னா."

கெசையா கதவைப் பிடித்துக்கொண்டாள். "எப்போ?"

"பனி கொட்டிக்கிட்டிருந்துச்சு. அது மட்டும் நினைப்பிருக்கு."

ரோச்செஸ்டரில் அது ஒரு தேதியே அல்ல. நவம்பரில் தொடங்கும் பனி ஏப்ரலில்தான் நிற்கும்.

"முட்டை வேணுமா?" என்றாள் ஃபேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்துவிட்டிருந்தாள். கெசையா ஒரு டஜன் வாங்கிக்கொண்டாள்.

*

மீட்ட பெண்களைச் சங்கம் தங்கவைக்கும் புகலிடம் அவள் வீட்டிலிருந்து ஆறே தெரு. அந்த ஆறு தெருவையும் கெசையா ஆண்டுக்கூட்டத்தன்று காலை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

வருகிறவளைச் சொந்தக்காரர் ஒரு வருஷத்துக்குப் பார்க்கக் கூடாது என்பது நாலாம் விதி. அதனால்தான் தையல் கொடுக்க வருகிற மாதரசிகள் சமையலறை வாசலைத் தாண்டுவதில்லை. ஐந்தாம் விதி, பெயர். வந்த அன்றைக்கே அவள் தன் பழைய பெயரை ஒரு தாளில் எழுதி, எல்லார் முன்னாலும் அடுப்பில் போட வேண்டும். பிறகு ஒரு வேதாகமப் பெயர் தரப்படும்.

"பழைய பேரோட பழைய பாவமும் புகைக்கூண்டு வழியா போயிடும்," என்று சங்கத் தலைவி திருமதி பிராட்வெல் இதைக் கொண்டுவந்தபோது சொன்னார். "யாராவது ஆமோதிக்கிறீங்களா, சகோதரிகளே?"

"நான் ஆமோதிக்கிறேன்," என்று கை தூக்கியவள் கெசையா ஹாஸ்கெல்.

ரொக்ஸானா போய் அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எந்தத் தாயின் குடும்பப் பெயரும் புகலிடத்துப் பதிவேட்டில் ஏறக் கூடாது என்று நினைத்துத்தான் தூக்கினாள். கை தூக்கியதோடு நிற்கவுமில்லை. பன்னிரண்டு படுக்கை என்பதால் பன்னிரண்டு ஏப்ரன் தைத்து, ஒவ்வொன்றிலும் நெஞ்சுக்கு நேராகச் சிவப்பு நூலில் ஒரு பெயர் பின்னிக் கொடுத்தாள். எஸ்தர், மார்த்தா, லீதியா, தபீத்தா... நல்ல அழுத்தமான வேலை. துவைத்தால் போகாது.

புகலிடத்தைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரன் திருமதி ஸ்பூனர் கதவைத் திறந்தார். பருமனான, களைத்த பெண்மணி.

"வாங்க சகோதரி. கூட்டம் ரெண்டு மணிக்குத்தானே?"

"ஒரு பொண்ணப் பாக்கணும். குளிர்காலத்துல வந்தவ. இருபது வயசு. செம்பட்டை முடி. எடது கைப் பழக்கம்."

மேட்ரன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நான் வந்தே ஒம்பது நாள்தான் ஆகுது. பழைய மேட்ரன் ஒரு ஊழியக்காரரைக் கட்டிக்கிட்டு மிஷிகனுக்குப் போயிட்டாங்க. குளிர்காலத்துப் பொண்ணுங்க ஒருத்தியும் இப்ப இல்ல. ஏப்ரல்ல கால்வாய் திறந்ததும் பன்னெண்டு பேரையும் ஒரே படகுல ஏத்தி ஒஹையோவுக்கு அனுப்பிட்டாங்க, பண்ணை வீடுகளுக்கு. ஆண்டுக்கூட்டத்துல பன்னெண்டுக்குப் பன்னெண்டுன்னு சொல்லணுமில்ல?"

"பேரு பதிவு?"

"புதுப் பேருதான் இருக்கு. பழசுதான் அடுப்புல போயிடுதே. யாரு கொண்டாந்த விதியோ!"

கெசையா கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்போது ஒரு பெண் நிலக்கரி வாளியோடு உள்ளே வந்தாள். மிஞ்சினால் பதினாறு வயது இருக்கும். ஏப்ரனில் தபீத்தா என்று கெசையாவின் சொந்த எழுத்து. அதைக் கெசையா பார்க்கவில்லை. அதற்குக் கீழே, கிழிந்து தைத்த பாக்கெட்டைப் பார்த்தாள்.

தையல் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. காற்றில் சாய்ந்த கோதுமை மாதிரி, ஒன்றுகூட நேராக இல்லாமல்.

ரொக்ஸானாவின் ஏழு வயதில் அந்த இடது கையை அவள் எத்தனை தடவை அடித்திருக்கிறாள்! "வலது கைடி, வலது கையால தை!" வலது கையில் ஊசியைக் கொடுத்தால், தலையைத் திருப்புவதற்குள் அது இடது கைக்கு மாறியிருக்கும்.

"இத யார் தச்சது?" பெண்ணின் பாக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பெண் பயந்துபோனாள். "எனக்கு முந்தின தபீத்தாவா இருக்கும்மா. நான் வர்றப்பவே தச்சிருந்துச்சு."

"தபீத்தா பக்கத்த எடுங்க," என்றாள் கெசையா மேட்ரனிடம்.

பதிவேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் அல்ல. பெயருக்கு ஒரு பக்கம். தாள் வீணாகக் கூடாது என்பது திருமதி பிராட்வெல்லின் கட்டளை.

*நவம்பர் 20. வந்தாள். பிடிவாதம்.*
*டிசம்பர் 6. ஜெபத்தில் கவனம் போதாது.*
*ஜனவரி 17. இருமல்.*
*பிப்ரவரி 9. மரித்தாள்.*
*பிப்ரவரி 11. வந்தாள். பணிவு.*
*மார்ச் 14. நன்றாகப் பாடுகிறாள்.*
*ஏப்ரல் 26. ஒஹையோ.*
*மே 3. வந்தாள். சிறு பெண். இரவில் அழுகிறாள்.*

கெசையா இரண்டு தடவை படித்தாள். மேட்ரனும் எட்டிப் பார்த்தார்.

"நானும் மொதல்ல குழம்பித்தான் போனேன். அப்புறம் நெனச்சேன், வேதத்துலயும் தபீத்தா செத்து எழுந்தவதானேன்னு." சிரிக்கப் போனவர், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மெல்லக் கேட்டார்: "யாரும்மா அது, உங்களுக்கு?"

"சொந்தம்."

"ரெண்டு பேர்ல எந்த ஒருத்தி?"

அதைத்தான் கெசையாவும் அந்தத் தாளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிடிவாதம் என்றால் ரொக்ஸானா. நன்றாகப் பாடுகிறாள் என்றாலும் ரொக்ஸானாதான். பணிவு என்ற சொல்தான் இடித்தது. ஆனால் கால்வாய்க்கரையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் யாருக்குத்தான் பணிவு வராது?

பாக்கெட்டைத் தைத்தவள் ஒருத்தி. செத்தவள் ஒருத்தி. இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம்?

"அந்தப் பிப்ரவரிப் பொண்ண எங்க..." கெசையாவின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"ஊர்ச் செலவுல புதைக்கிற இடத்துல, மேட்டுக்குப் பின்னால. நம்பர் போட்ட மரக்கட்டை நட்டிருப்பாங்க. துணியெல்லாம் குறையில்ல சகோதரி. சங்கத்துலயே யாரோ நல்லா தச்சுக் குடுத்தாங்களாம்."

யாரோ அல்ல.

பிப்ரவரியில் தையல் வட்டத்துக்கு ஒரு துண்டு நூல் வந்தது. உச்சி முதல் குதிகால் வரை அளந்து வெட்டிய நூல். புகலிடத்தில் யாரோ இறந்துவிட்டாள், சவத்துணி வேண்டும் என்றார்கள். கெசையாதான் வாங்கிக்கொண்டாள். எழுந்து நின்று நூலைத் தன் மேலேயே பிடித்துப் பார்த்தாள். புருவம் வரை வந்தது. "ஐயோ, சின்னப் பொண்ணா இருக்கும் போல," என்றாள். பக்கத்தில் யாரோ ஆப்பிள் ஜாமுக்கு ஏலக்காய் போடலாமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது என்று அவள் விளக்கமாகச் சொன்னாள். பேசிக்கொண்டே தைத்தாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

ரொக்ஸானா வீட்டை விட்டுப் போகும்போது கெசையாவின் புருவம் வரை இருந்தாள்.

பாதி ஊர்ப் பெண்கள் அந்த உயரம்தான், என்று கெசையா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பதிவேட்டை மூடினாள். நீலக் கவுனைக் கூடையிலிருந்து எடுக்கவே இல்லை.

"மேட்ரனம்மா," என்றாள் வாசலில். "அந்தச் சின்னவ எதுக்கு அழறா?"

"அவ நிஜப் பேரச் சொல்லிக் கூப்பிடணுமாம். எனக்கு உத்தரவில்லையே."

*

தேவாலயத்துக்குப் போகும் வழியெல்லாம் கெசையா மனதுக்குள் ஒஹையோவைக் கட்டினாள். மரவீடு ஒன்று கட்டினாள். கிணறு தோண்டினாள். வேலைக்காரியை மகள் மாதிரி நடத்தும் நல்ல பண்ணைக்காரி ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பண்ணைக்காரி, "இந்தப் பொண்ணு எடது கையால தச்சாலும் அழகாத்தான் தைக்கிறா," என்று சொன்னாள். கெசையா அவளுக்கு நன்றி சொன்னாள். மாவு மில் வண்டி ஒன்று அவளை இடிக்காமல் ஒதுங்கிப் போனது.

கூட்டத்துக்கு நானூறு பேர். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். ஆண்கள் பக்கத்தில் சங்கப் பத்திரிகையில் முதலெழுத்தாக வந்தவர்கள் பலர் முழுப் பெயரோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பாதிரியார், பக்கத்தில் டீக்கன். திருமதி பிராட்வெல்லுக்கு முன் வரிசையின் நடு இடம். அவர் தொப்பியில் இருந்த இறகுகளுக்காக எத்தனை பறவைகள் வழிதவறினவோ!

கெசையா ஐந்தாம் வரிசையில் லவீனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

டீக்கன் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். தொடங்கினார். முதல் பக்கம் சங்கத்தின் உழைப்பு. இரண்டாம் பக்கம் நகரத்தின் பாவம்; அதை அவர் அவசரப்படாமல் வாசித்தார். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"நம் புகலிடத்தின் கனிகளில் ஒன்றை மட்டும் சொல்வேன். தபீத்தா! நவம்பர்ப் பனியில் அவள் வந்தாள். பிடிவாதமுள்ள உள்ளம். ஜனவரியில் கர்த்தர் அவளை இருமலால் சோதித்தார்..."

கெசையா நிமிர்ந்தாள்.

"...பிப்ரவரியில் அவள் பணிவுக்குத் திரும்பினாள். மார்ச்சில் அவள் வாயில் புதுப்பாட்டு பிறந்தது. இன்று ஒஹையோவில், ஒரு தெய்வபக்தியுள்ள வீட்டில், அவள் பாடிக்கொண்டே பசு கறக்கிறாள்!"

ஒரு பெருமூச்சு பெண்கள் பக்கம் முழுக்க ஓடியது. பசு, டீக்கனின் சொந்தச் சேர்க்கை.

"லவீனா," கெசையா உதட்டை அசைக்காமல் கேட்டாள். "பிப்ரவரி ஒம்பதாம் தேதிய எங்கடி?"

லவீனா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிராட்வெல்லம்மா எடுக்கச் சொன்னாங்க. செத்தவங்க கணக்கெல்லாம் அறிக்கையில வேணாமாம்."

"அந்தப் பக்கத்துல ரெண்டு பேரு இருக்காங்க."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

 லவீனாவின் கையுறைக்குள் விரல்கள் ஒன்றை ஒன்று பிசைந்தன. கெசையா திரும்பி மகளின் முகத்தை முழுதாகப் பார்த்தாள். அந்த முகம் காலையில் ஏன் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரியத் தொடங்கியது.

"நீ அவளப் பாத்தியா?"

"கிறிஸ்துமஸுக்கு," என்றாள் லவீனா. அவ்வளவு மெல்லிய குரல். "கூடை குடுக்கப் போனப்ப. பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தா. தபீத்தான்னு போட்ட ஏப்ரன்."

கிறிஸ்துமஸ்.

ஒஹையோவில் மரவீடு கூரையிலிருந்து கீழே வரை ஓசையில்லாமல் சரிந்தது. கிணறு, பண்ணைக்காரி, பசு, எல்லாம். இரண்டாவது தபீத்தா வந்தது பிப்ரவரி பதினொன்று. கிறிஸ்துமஸில் பாத்திரம் தேய்த்தவள் முதல் தபீத்தா.

கெசையா அழவில்லை. நூல் புருவம் வரை வந்தது, என்று மட்டும் நினைத்தாள். ஏலக்காய் போடக் கூடாது, என்று நினைத்தாள்.

"அஞ்சு மாசம்டி," என்றாள் கடைசியில். "ஆறு தெரு."

"'அம்மாகிட்ட சொல்லு'ன்னா. சொல்றேன்னுதான் வந்தேன். அன்னிக்குச் சாயங்காலம்தான் பாதிரியார் வீட்டுலேர்ந்து பொண்ணு கேட்டு வந்தாங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." லவீனா மூச்சை இழுத்தாள். "போன வாரம் அறிக்கை எழுத உக்காந்தப்பதான் அந்தப் பக்கத்தப் பாத்தேன். அது வரைக்கும் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சப்புறமும் பசு கறக்க அனுப்பிட்டே."

"பசு நான் எழுதல." லவீனாவின் கன்னத்தில் நீர் இறங்கியது. சுற்றி எல்லாரும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. "அறிக்கையிலயாவது அவ உயிரோட இருக்கட்டுமேன்னு எழுதினேம்மா."

கெசையாவின் கை தன்னையறியாமல் நகர்ந்தது. அடிக்கவா, பிடித்துக்கொள்ளவா என்று அதற்கே தெரியவில்லை. கடைசியில் மகளின் கையுறை மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

"இன்னொண்ணு இருக்கும்மா," என்றாள் லவீனா. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். நடுவில், சின்னதாக மடித்த ஒரு தாள். "அடுப்புல வெறுந்தாளப் போட்டுட்டாளாம். நிஜத்த வெச்சிக்கிட்டாளாம். அப்பாகிட்ட குடுக்கச் சொன்னா. நான் பிரிக்கல."

தாளின் மேல் ஒரே சொல். எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

*அப்பாவுக்கு.*

தனக்கில்லை. ஒரு கணம் அது கெசையாவைச் சுட்டது. பிறகு புரிந்தது. அம்மாவுக்கு எழுதத் தேவையில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். அம்மாதான் எப்படியும் பார்த்துவிடுவாளே!

மேடையில் டீக்கன் அறிக்கையை முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார். "சகோதரிகளிடமிருந்து சீட்டு ஏதேனும் உண்டா?"

வீட்டில் கொடுக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கலாம். கொடுத்தால் என்ன ஆகும் என்றும் கெசையாவுக்குத் தெரியும். அவர் மேசைக்குப் போவார். ரூலரை எடுப்பார்.

அவள் தாளைப் புரட்டினாள். எழுதியிருந்த பக்கம் கீழே போக, வெறும் முதுகு மேலே வந்தது. முன்னால் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டு நீட்டினாள்.

"அம்மா!" என்றாள் லவீனா. "ஐயோ, அம்மா, வேணாம்."

சீட்டு நான்காம் வரிசைக்குப் போனது. மூன்றுக்குப் போனது. இரண்டாம் வரிசையில் ஒருத்தி யாரிடமிருந்து என்று திரும்பிப் பார்த்தாள். டீக்கன் வீட்டம்மா என்றதும் தலையசைத்து அனுப்பினாள். திருமதி பிராட்வெல் அதை வாங்கி, நன்றித் தீர்மானம் என்று நினைத்திருப்பார் போல, அடக்கத்தோடு தலையைத் தாழ்த்தி மேடைக்கு நீட்டினார்.

டீக்கன் வாங்கினார். வழக்கம்போல மேலே பார்க்கவில்லை. பிரித்தார். கண்ணாடியை ஏற்றினார். இன்னும் ஈரம் காயாத சபையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மார்பு நிறைய மூச்சை வாங்கினார்.

"என் பெயர் ரொக்ஸானா ஹாஸ்கெல்," என்று வாசித்தார்.

குரல் முழங்கியது. சேதி குரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அதே உருக்கத்தில் அடுத்த வரிக்கும் போய்விட்டார்.

"இதை நான் அடுப்பில் போடவில்லை. அப்பா, நீங்கள்..."

அங்கே நின்றது.

பத்தொன்பது மாதங்களாக வீட்டில் யாரும் சொல்லாத பெயர் கூரைக்குப் போய், நானூறு தலைகள் மேல் மெல்ல இறங்கியது. ஆண்கள் பக்கம் யாரோ செருமினார்கள். பாதிரியார் எட்டிப் பார்க்க முயன்றார். டீக்கன் தாளை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக அதை மறுபடி கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

தபீத்தா ஒஹையோவில் பாடுகிறாள் என்று சற்று முன் தானே வாசித்ததை அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். தபீத்தா யார் என்பது அவருக்குத் தெரியாது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவர் கையிலிருந்த எந்தத் தாளிலும் இல்லை.

கெசையா எழுந்து நின்றாள். மடியிலிருந்த கூடை கவிழ்ந்தது. நூற்கண்டுகள் உருண்டன, நீலக் கவுன் தரையில் விழுந்து விரிந்தது.

"சகோதரி," என்று திருமதி பிராட்வெல் பதறி, விரலை உதட்டில் வைத்தார். "ஆம்பளைங்க இருக்காங்க!"

"நிறுத்தாதீங்க," என்றாள் கெசையா மேடையைப் பார்த்து. ஆண்கள் இருந்த சபையில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "பேர அடிக்கறதுக்கு இங்க ரூலர் இல்ல. சத்தமாப் படிங்க."